அலமாரியை விட்டு இறங்கட்டும்: நெல்லைச் சீமையில் பொம்மை சேர்க்கத் தொடங்குபவர்களுக்கு

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டின் மயக்கம் தெளிகிற நேரத்தில், பாளையங்கோட்டையில் ஒரு வீட்டின் முன்னறையில் ஏழெட்டுப் பேர் கூடுகிறோம். பத்தமடைப் பாயை விரித்து, அதன்மேல் ஒரு வெள்ளை வேட்டியைப் போட்டு, ஆளுக்கொரு பொம்மையைத் துவர்த்திலிருந்து பிரித்து வைக்கிறோம். வங்கி ஊழியர், பள்ளி ஆசிரியை, பலசரக்குக் கடை அண்ணாச்சி, பொறியியல் படிக்கும் தம்பிகள் இருவர் என்று கலவையான கூட்டம். கொண்டுவந்த பொம்மையைப் பற்றி ஐந்து நிமிடம் பேச வேண்டும், பிறகு அது கைமாறி எல்லாரையும் சுற்றி வர வேண்டும். விதி அவ்வளவுதான்.

புதிதாக வருகிறவர்கள் இரண்டு கேள்விகளோடு வருகிறார்கள்: எங்கே வாங்குவது, எவ்வளவு ஆகும்? நியாயமான கேள்விகள்தான், ஆனால் கொஞ்சம் முந்திப் பிறந்தவை. எதைக் கையில் கொடுத்தால் உங்களால் ஐந்து நிமிடம் பேச முடியும் என்பதைத்தான் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். அதற்குப் பதில் தெரியாமல் வாங்கிக் குவித்தவர்கள், வருடம் திரும்புவதற்குள் மொத்தமாக விற்றுவிட்டுப் போனதை நாலைந்து தடவை பார்த்துவிட்டேன். அதனால் கடைக்குப் போகும் பேச்சைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்வோம்.

பெயரும் அளவும்

எங்கள் பாயில் இரண்டு இனங்கள் உட்காருகின்றன. ஆக்‌ஷன் ஃபிகர் என்பது மூட்டுகள் உள்ள பொம்மை. கை காலை மடக்கி, இடுப்பைத் திருப்பி, ஓடுவது போலவும் பாய்வது போலவும் நிறுத்தலாம். இந்தப் பெயரே ஒரு வியாபாரத் தந்திரம். 1964-இல் அமெரிக்காவின் ஹாஸ்பிரோ நிறுவனம் ஜி.ஐ. ஜோ என்ற பன்னிரண்டு அங்குலப் படைவீரனைக் கொண்டுவந்தபோது, ‘டால்’ என்று சொன்னால் பையன்கள் தொடமாட்டார்கள் என்று பயந்து வேறு பெயர் வைத்தார்கள். எங்கள் கூட்டத்து ஆசிரியை இதைச் சொல்லும்போதெல்லாம், “பொம்மை என்று சொல்ல அவ்வளவு வெட்கம்” என்று சிரிப்பார்.

வினைல் பொம்மைக்குப் பெரும்பாலும் தலையும் கைகளும் திரும்பும், அதோடு சரி. உள்ளே கூடாக இருக்கும். உருவமும் வண்ணமும்தான் அதன் சரக்கு. ஜப்பானில் 1960-களில் மென்மையான வினைலில் அரக்க உருவங்களை வார்த்தார்கள். அந்த வகையை இன்றும் சோஃபுபி என்கிறார்கள். 1990-களின் இறுதியில் ஹாங்காங்கின் மைக்கேல் லாவ் போன்ற ஓவியர்கள் கையில் இது பெரியவர்கள் அலமாரியில் வைக்கும் கலைப்பொருளாக மாறியது. 2001-இல் மெடிகாம் டாய் நிறுவனத்தின் பேர்பிரிக் கரடி வந்தது, 2010-இல் பெரிய தலையும் கறுப்பு முத்துக் கண்களுமான ஃபங்கோ பாப் வந்தது. இப்போது கல்லூரிப் பிள்ளைகளின் பைகளில் தொங்கும் லபூபு, காசிங் லுங் என்ற ஓவியர் 2015-இல் படப்புத்தகத்துக்காக உருவாக்கிய குட்டிப் பூதம். அதற்கு முகமும் கை கால் நுனிகளும் வினைல், உடம்பு பஞ்சு.

அளவுகளை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், பிறகு காசு மிஞ்சும். ஆறில் ஒரு பங்கு அளவு என்றால் ஏறத்தாழ பன்னிரண்டு அங்குலம். பன்னிரண்டில் ஒரு பங்கு ஆறு அங்குலம். பதினெட்டில் ஒரு பங்கு மூன்றே முக்கால் அங்குலம். பேர்பிரிக்குக்கு மட்டும் சதவீதக் கணக்கு: 100 சதவீதம் என்பது 7 சென்டிமீட்டர், 400 என்பது 28, 1000 என்பது 70. ஓர் அளவைப் பிடித்துக்கொண்டு அதிலேயே ஒரு வருடம் நில்லுங்கள். ஆறு அங்குலத்துக்காரனையும் மூன்றே முக்கால்காரனையும் அடுத்தடுத்து நிறுத்தினால் தகப்பனும் பிள்ளையும் போல இருக்கும். அந்தக் கண் உறுத்தலைப் போக்கவே மறுபடி வாங்குவீர்கள்.

பரணில் இருந்து தொடங்குங்கள்

1980-களிலும் 90-களிலும் வளர்ந்தவர்கள் வீட்டில் இருந்தால், முதல் பொம்மைக்குக் காசே தேவையில்லாமல் போகலாம். எம்.ஆர்.எஃப். நிறுவனமும் ஹாஸ்பிரோவும் சேர்ந்து 1987-இல் தொடங்கிய ஃபன்ஸ்கூல், மூன்றே முக்கால் அங்குல ஜி.ஐ. ஜோக்களை இந்தியாவிலேயே தயாரித்து விற்றது. சிலவற்றின் வண்ணம் அமெரிக்கப் பதிப்போடு ஒத்துப்போகாது. பச்சை இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சள், கறுப்பு இருக்க வேண்டிய இடத்தில் ஆரஞ்சு என்று கண்ணைக் கூசும். அந்த வித்தியாசத்துக்காகவே வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இவற்றைத் தேடுகிறார்கள். நம் வீட்டிலோ அவை பழைய தகரப் பெட்டியில், ஓடாத கடிகாரத்துக்கும் கல்யாணப் பத்திரிகைக் கட்டுக்கும் நடுவில் கிடக்கும்.

எடுத்துப் பார்த்தால் இடுப்புக்குக் கீழே கால்கள் கழன்று வந்துவிடும். பதற வேண்டாம். இந்த வகை ஜோவின் உடம்பை இணைத்து வைத்திருப்பது வயிற்றுக்குள் இருக்கும் ஒரு சிறு கறுப்பு ரப்பர் வளையம். முப்பது வருட நெல்லை வெயிலில் அது முறுக்காகி உடைந்திருக்கும். சரிசெய்வதற்கு அரைமணி நேரம் போதும்.

முதுகில் ஒரு திருகு தெரியும். அதன் தலைக்குச் சரியாகப் பொருந்துகிற சிறிய நட்சத்திரத் திருப்புளியால் மெதுவாகக் கழற்றுங்கள். பொருந்தாத திருப்புளியைப் போட்டு அழுத்தினால் தலை வழுக்கி, பிறகு யாராலும் எடுக்க முடியாது. மார்பு இரண்டாகப் பிரியும், கைகளும் தலையும் தனியாக வந்துவிடும். எது எந்தப் பக்கம் இருந்தது என்று அதற்கு முன்பே செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உடைந்த வளையத்தின் துண்டையும் முழு ஜோவையும் கையில் எடுத்துக்கொண்டு, குழாய் வாஷரும் பம்ப் சாமானும் விற்கிற கடைக்குப் போங்கள். வண்ணார்பேட்டையில் நான் போன கடையில் அண்ணாச்சி பொம்மையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “இது எந்த மோட்டார் தம்பி?” என்று கேட்டார். பத்துப் பன்னிரண்டு வளையம் வாங்கிக்கொள்ளுங்கள், விலை ஒரு பொருட்டே இல்லை.

வளையத்தின் ஒரு முனை கால்களை இணைக்கும் உலோகக் கொக்கியில் மாட்ட வேண்டும். அதை இடுப்புத் துண்டின் வழியாக மேலே இழுத்து, மார்புக்குள் திருகு நுழையும் தண்டில் மறு முனையைப் போட வேண்டும். கை, தலை எல்லாம் வைத்து மூடித் திருகுங்கள். இறுக்கம் அளவோடு இருக்கட்டும். கால்கள் தொங்காமலும், மடக்கும்போது திணறாமலும் இருந்தால் போதும். வளையம் மிகச் சிறியதாக இருந்தால் தொடை சேரும் இடத்தில் பிளாஸ்டிக் விரிந்துவிடும். ஜோவுக்கு உயிர்நிலைகள் இரண்டு: அந்த இடம், கட்டைவிரல். துப்பாக்கியைக் கையில் திணிக்கும்போதுதான் கட்டைவிரல் போகும். வெதுவெதுப்பான நீரில் கையை ஒரு நிமிடம் நனைத்த பிறகு மாட்டுங்கள்.

உடம்பில் எங்காவது பொடி எழுத்தில் ஒரு வருடம் அச்சாகி இருக்கும். புதியவர்கள் எல்லாரும் விழும் குழி இது. அது உருவத்தின் உரிமை பதிவான வருடம். பொம்மை வார்க்கப்பட்டது பல வருடம் கழித்தும் இருக்கலாம். ‘1983’ என்று காலில் இருப்பதை வைத்து விலை சொல்கிறவரிடம் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்துவிடுங்கள்.

பரணில் ஒன்றும் இல்லையென்றால் அம்பாசமுத்திரத்துக்கு பஸ் ஏறுங்கள். மரச்சொப்பு, இந்தச் சீமையின் சொந்தப் பொம்மை. கடைசல் இயந்திரத்தில் மரத்தைச் சுழலவிட்டு உருவம் பிடித்து, சுழலும்போதே வண்ண அரக்குக் கட்டியை அழுத்துவார்கள். உராய்வின் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் படியும். அம்மியும் உரலும் குடமும் அடுப்புமாக ஒரு முழுச் சமையலறை ஓலைப்பெட்டிக்குள் அடங்கிவிடும். இது ஆக்‌ஷன் ஃபிகரா என்று தம்பிகள் சண்டைக்கு வருவார்கள். ஒரு தடவை சிவப்பு அரக்குக் குடத்தையும் சிவப்பு பேர்பிரிக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அந்த வழவழப்பையும் உருண்டையையும் ஆளாளுக்குக் கையில் உருட்டிப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு சண்டை இல்லை.

காசு கொடுப்பதற்கு முன்

இந்த ஆசைக்கென்று தனிக் கடைகள் நம் பக்கம் அரிது. திருநெல்வேலி டவுனிலும் ஜங்ஷனிலும் உள்ள பொம்மைக் கடைகளில் கார்களுக்கும் பொம்மைத் துப்பாக்கிகளுக்கும் பின்வரிசையில் இரண்டு மூன்று கிடைக்கும். பின்வரிசையைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள், தூசி தட்டி எடுத்துக் கொடுப்பார்கள். பழைய பேப்பர் கடையும் நல்ல இடம். வீடு காலி செய்கிறவர்கள் மூட்டையாகப் போட்டுவிட்டுப் போவார்கள். மற்றபடி இணையக் கடைதான்.

இந்தியாவில் விற்கப்படும் குழந்தை விளையாட்டுப் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். வெளிநாட்டிலிருந்து வரவழைக்க நினைத்தால் சுங்கவரியைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்கவரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60-ஆகவும், 2023-இல் 70-ஆகவும் ஏறியது. திரையில் தெரியும் விலையைப் பார்த்து மகிழ்ந்து, வாசலில் நிற்கும் கூரியர் பையனிடம் வாக்குவாதம் செய்வதில் பயனில்லை.

போலிகளைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திப் பேச வேண்டும். முதல் வருடத்தில் நானே ஏமாந்தேன். ஓர் ஆறு அங்குல வீரன், பாதி விலை, பெட்டியோடு. வந்ததும் திறந்தால் மண்ணெண்ணெய் கலந்தது போல ஒரு வாடை. மூட்டுகளில் வார்ப்பின் விளிம்பு அறுந்தபடி, ஒரு கண் மற்றதைவிட ஒரு நெல்மணி அளவு மேலே. விற்றவரைக் குறை சொல்லிப் பயனில்லை, பாதி விலை என்றபோதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த வீரனை இன்றும் வைத்திருக்கிறேன், புதியவர்களுக்கு அசலோடு சேர்த்துக் கையில் கொடுப்பதற்காக. படத்தில் பார்த்து நூறு குறிப்பு படிப்பதைவிட இரண்டையும் இரண்டு கையில் ஏந்தினால் எடையிலேயே தெரிந்துவிடும்.

பார்க்க வேண்டியவை: கண், புருவம், உதடு ஆகிய இடங்களில் அச்சு கூர்மையாக இருக்கிறதா? பெட்டியில் எழுத்துப்பிழை உண்டா? பாதத்திலோ முதுகிலோ நிறுவனத்தின் பெயர் தெளிவாக வார்க்கப்பட்டிருக்கிறதா? லபூபு என்றால் பற்களை எண்ணுங்கள். அசலுக்கு ஒன்பது.

உள்ளே எது இருக்கிறது என்று தெரியாமல் வாங்கும் பிளைண்ட் பாக்ஸ் பற்றி என் கருத்து கொஞ்சம் கடுமையானது. ஆளுக்கொன்று வாங்கி, எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து பிரித்து, வேண்டாததை அங்கேயே மாற்றிக்கொண்டால் அது விளையாட்டு. தனியாக உட்கார்ந்து, வேண்டியது வரும்வரை பிரித்துக்கொண்டே இருந்தால் அது லாட்டரி. குறைந்த எண்ணிக்கையில் வெளியிட்டு வரிசையில் நிற்க வைக்கும் வியாபாரத்தைப் பார்த்து மட்டும் நாம் மிரள வேண்டியதில்லை. கீழரத வீதியில் சாயங்காலம் அல்வாவுக்கு நின்று பழகிய கால்கள் நம்முடையவை.

வெயில், காற்று, சாரல், குங்குமம்

வெளிநாட்டுக்காரர்கள் எழுதும் குறிப்புகளில் பொம்மையை ‘சாதாரண அறை வெப்பத்தில்’ வையுங்கள் என்று இருக்கும். சித்திரை மாதத்துப் பாளையங்கோட்டை அறையின் சாதாரணம் அவர்களுக்குத் தெரியாது. அதனால் இந்தப் பகுதியை மட்டும் இரண்டு தடவை படியுங்கள்.

பி.வி.சி. என்கிற வினைல் பிளாஸ்டிக் வெப்பத்தில் இளகும். ஒற்றைக் காலில் பாய்கிற நிலையில் நிறுத்திய வீரன், மே மாதம் முடிவதற்குள் அலமாரிக் கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு நிற்பான். என் ஆச்சி அப்படி ஒருவனைப் பார்த்துவிட்டு, “பிள்ளைக்குக் காலில் சுளுக்கு, எடுத்து விடு” என்றார். வைத்தியமும் அதேதான். கொதித்து இறக்கி இரண்டு மூன்று நிமிடம் ஆறிய நீரில் அந்தக் காலை மட்டும் அரை நிமிடம் வையுங்கள். இளகியதும் நேராக்கி, அப்படியே பிடித்தபடி குளிர்ந்த நீரில் முக்குங்கள். அந்த நிலையிலேயே இறுகிவிடும். கோடை முழுவதும் இரண்டு காலும் ஊன்றிய நிலையில் நிறுத்தி வைத்தால் இந்த வேலையே இல்லை. நிறுத்திய காருக்குள்ளும் பைக் பெட்டிக்குள்ளும் பொம்மையை விட்டுப் போவதைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை என்று நினைத்திருந்தேன். போன வருடம் ஒரு தம்பி ஜங்ஷனில் காரை நிறுத்திவிட்டு சாப்பிடப் போனதிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வெயில் நேராகப் படுவது இன்னொரு கேடு. வெள்ளைப் பிளாஸ்டிக் மஞ்சளாகும், சிவப்பு வெளுக்கும். மேற்குப் பார்த்த ஜன்னலுக்கு எதிரே அலமாரி வேண்டாம்.

சில பொம்மைகள் ஒரு நாள் தொட்டால் பிசுபிசுக்கும். பி.வி.சி.யை மென்மையாக வைத்திருக்கச் சேர்த்த எண்ணெய் போன்ற பொருள் மெல்ல வெளியே கசிகிறது. காற்றே புகாமல் மூடி வைத்தால் அது மேலேயே படிந்து நிற்கும். பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு சொட்டை வெதுவெதுப்பான நீரில் கலந்து, மென்மையான துணியால் துடைத்து, நிழலில் உலர்த்துங்கள். பெட்டியில் இருப்பவற்றை மாதம் ஒருமுறை வெளியே எடுத்துக் காற்றாட வையுங்கள். நகப்பூச்சு நீக்கும் திரவம், தின்னர் பக்கம் போகவே வேண்டாம், வண்ணத்தோடு முகமும் போய்விடும்.

ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்று குற்றாலத்துக்குச் சாரலைக் கொடுத்துவிட்டு நமக்குப் புழுதியைத் தருகிறது. கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி ஆடம்பரம் என்று நினைத்தால், ஒரு ஆடி மாதம் திறந்த தட்டில் வைத்துப் பாருங்கள். தூசியை ஈரத் துணியால் துடைத்தால் சேறாகி மூட்டுக்குள் இறங்கும். நீர்வண்ணம் தீட்டும் மென்மையான தூரிகையால் மேலிருந்து கீழாகத் தட்டுங்கள். தென்காசிப் பக்கத்து நண்பர்களுக்குப் புழுதியைவிட ஈரம்தான் பகை. அட்டைப்பெட்டி பூஞ்சை பிடிக்கும், திருகு துருவேறும். புதுச் செருப்பு, மருந்துப் பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைத் தூக்கிப் போடாமல் சேர்த்து வையுங்கள். பாட்டரி போட்டு ஒளிரும் பொம்மை என்றால் பாட்டரியைக் கழற்றிவிடுங்கள்.

பூச்சிக்குப் பயந்து பாச்சை உருண்டை போடாதீர்கள். அந்த ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக்கிவிடும். கொலுப் பொம்மைக்குச் செய்வது போலச் செய்தித்தாளில் சுற்றுவதும் கூடாது. மண் பொம்மைக்கு அது சரி, வினைல் அச்சு மையைக் குடித்துவிடும். வெள்ளைக் கரடியின் வயிற்றில் தலைகீழாகத் தங்கத்தின் விலையைப் படித்த அனுபவம் எங்கள் வங்கி ஊழியருக்கு உண்டு. துவைத்துத் துவைத்து மென்மையான பழைய பருத்தி வேட்டிதான் சிறந்த உறை.

சரஸ்வதி பூசை அன்று என் அம்மா புத்தகங்களுக்கு மஞ்சளும் குங்குமமும் வைத்த கையோடு அலமாரியையும் திறந்து வரிசையாக எல்லாருக்கும் பொட்டு வைத்துவிட்டார். வில்லன்களுக்கும் உண்டு. மறுநாள் துடைத்தபோது ஆக்‌ஷன் ஃபிகர்கள் தப்பித்தன. வெள்ளை வினைல் முயல் தப்பவில்லை. மஞ்சள் கறையைச் சாயங்கால வெயிலில் நாலைந்து நாள் சிறிது சிறிது நேரம் வைத்ததில் வெளுத்துவிட்டது, மஞ்சளுக்கு அந்தக் குணம் உண்டு. குங்குமச் சாயம் மட்டும் போகவில்லை. இளஞ்சிவப்பு நெற்றியோடு இன்றும் இருக்கிறது. கூட்டத்துக்கு நான் அதிகம் கொண்டுபோகிற பொம்மை அதுதான்.

மூட்டு வைத்தியம், சுருக்கமாக

புது ஃபிகரின் மூட்டு ஒட்டிக்கொண்டிருந்தால் வலுவாகத் திருப்பாதீர்கள். வண்ணம் பசை போலப் பிடித்திருக்கும். சுடுநீரில் ஒரு நிமிடம் வைத்து மெதுவாக முன்னும் பின்னும் அசையுங்கள். தளர்ந்த பந்து மூட்டுக்கு வெள்ளைப் பசையை நீர்விட்டு இளக்கி மெல்லியதாக ஒரு பூச்சு, ஓர் இரவு முழுக்கக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். கிறீச்சிடுகிறது என்று தேங்காய் எண்ணெய் விடுவது நம் ஊர்ப் பழக்கம். எண்ணெய் சிக்குப் பிடித்து ஊரிலுள்ள தூசியெல்லாம் அங்கே வந்து குடியிருக்கும்.

வெளியே அழைத்துப் போய்ப் படம் எடுப்பது

நேரில் வர முடியாதவர்களுக்குக் காட்ட நல்ல படம் வேண்டும். செல்போன் போதும். இரண்டு விஷயங்கள் செய்தால் பாதி வேலை முடிந்தது: காலை ஏழு மணிக்கு முன்னால் அல்லது மாலை ஐந்துக்குப் பின்னால் எடுங்கள். கேமராவைப் பொம்மையின் கண் மட்டத்துக்கு இறக்குங்கள். நின்றபடி குனிந்து எடுத்தால் பொம்மை, குப்புறப் படுத்து எடுத்தால் ஆள்.

இடத்துக்கு நமக்குப் பஞ்சமே இல்லை. திருச்செந்தூர் போகும் பக்கம் குதிரைமொழித் தேரியின் செம்மண் மேடுகள், மூன்றே முக்கால் அங்குல வீரனுக்கு வேற்றுக்கிரகம். பணகுடிப் பக்கம் காற்றாலை வரிசை பின்னணியில் நிற்கும். குறுக்குத்துறைப் படித்துறையில் காலை வெளிச்சம் தண்ணீரில் பட்டு முகத்தில் எதிரொளிக்கும். தேரி மணல் மாவு போன்றது, மூட்டுக்குள் போனால் அரைத்துவிடும். நேரடியாக மணலில் புதைக்காமல் பாதத்தின் கீழே ஒரு தட்டைக் கல்லை வைத்து மேலே மணலைத் தூவுங்கள். காற்று அடிக்கும் இடத்தில் பாதத்தில் கொஞ்சம் ஒட்டுக் களிமண் வேண்டும். ஆற்றில் ஈரப் பாறையில் நிறுத்தும்போது இடுப்பில் மீன்பிடி நரம்பு ஒன்றைக் கட்டி மறுமுனையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

குற்றாலத்தில் மட்டும் வேண்டாம். குரங்குகளுக்கு அசல் போலி பேதம் கிடையாது. பாபநாசத்துக்கு மேலே காடு முழுவதும் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். அனுமதித்த இடம்வரை போய், கொண்டுபோன பிளாஸ்டிக்கை உறை உட்பட எண்ணித் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

பாயில் வைக்கும் நாள்

சொல்லப்போனால் மேலே சொன்ன எல்லாம் இந்த ஒரு மதியத்துக்காகத்தான். வீட்டில் இருப்பதிலேயே விலை உயர்ந்ததைக் கொண்டுவர வேண்டும் என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். விலை உயர்ந்ததைப் பற்றிப் பேச அவர்களிடம் விலையைத் தவிர வேறொன்றும் இருப்பதில்லை, ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. பலசரக்குக் கடை அண்ணாச்சி ஒருமுறை ஒற்றைக் கை வீரனைக் கொண்டுவந்தார். அந்தக் கை எப்படிப் போனது, தம்பியோடு எத்தனை நாள் பேசவில்லை, தம்பி வெளிநாடு போன அன்று பெட்டியில் இதைப் போட்டுவிடலாமா என்று நினைத்துக் கடைசியில் போடாமல் விட்டது எல்லாம் சொல்லி முடிக்க இருபது நிமிடம் ஆயிற்று. யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

பேச வராதவர்களுக்கு ஒரு படிக்கட்டு: யார் தயாரித்தது, எந்த வரிசை, உங்களிடம் எப்படி வந்தது, இதில் என்ன குறை. கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். குறை சொன்ன பிறகுதான் மற்றவர்கள் வாய் திறக்கிறார்கள்.

கைகளைக் கழுவிவிட்டு உட்காருங்கள். இது மற்ற ஊர்க்காரர்களுக்கு மரியாதைக் குறிப்பு, நமக்கு அவசியக் குறிப்பு, ஏனென்றால் எங்கள் கூட்டத்தில் அல்வா உண்டு. நெய்க் கை பட்ட வினைலில் விரல்ரேகை காவல் நிலையத்தில் எடுத்தது போலத் தெரியும். அல்வா கடைசியில்தான் என்று முடிவெடுக்க எங்களுக்கு மூன்று மாதம் ஆயிற்று.

அடுத்தவர் பொம்மையை வாங்கும்போது, “மூட்டை அசைக்கலாமா?” என்று கேளுங்கள். இடுப்பைப் பிடித்துத் தூக்குங்கள், கையையோ மேலங்கியையோ பிடித்துத் தூக்க வேண்டாம். துப்பாக்கி, வாள், மாற்றுக் கைகள் போன்ற பொடிச் சாமான்களை ஒரு சம்படத்தில் போட்டுப் பக்கத்தில் வையுங்கள். வீட்டுக்காரர் பிள்ளைகள் வந்து உட்காருவார்கள், துரத்தக் கூடாது. அவர்களுக்கென்று அடிபட்டாலும் கவலையில்லாத நாலைந்து பொம்மைகளை ஒரு கூடையில் தயாராக வைத்துக் கொடுத்துவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி.

விலைப் பேச்சும் மாற்றிக்கொள்ளும் பேச்சும் தேநீருக்குப் பிறகு. முதல் தடவை வருகிறவரிடம் எதையும் கேட்டு வாங்குவதில்லை என்று ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். ஆசை முகத்தில் தெரிந்தால் கூச்சத்தில் கொடுத்துவிடுவார்கள், வீட்டுக்குப் போனதும் வருந்துவார்கள். மாற்றிக்கொள்வதென்றால் குறைகளை எல்லாம் சொல்லி, சாமான்களை எண்ணி, அங்கேயே முடித்துவிடுங்கள். இரவல் கொடுப்பது அவரவர் துணிச்சல்.

ஒரு நோட்டு

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். பெயர், நிறுவனம், அளவு, வாங்கிய நாள், கொடுத்த விலை, கூட வந்த சாமான்கள், யாரிடமிருந்து வந்தது என்று ஏழு கட்டங்கள். வீட்டாரிடம் காட்ட வேண்டிய நிலை வரும் என்று விலைக் கட்டத்தைப் பென்சிலில் எழுதுகிறவர்கள் எங்கள் கூட்டத்தில் உண்டு. ஆறாவது கட்டத்தை மட்டும் பேனாவில் எழுதுங்கள், எண்ணிக்கையோடு. வெள்ளை வேட்டி விரிக்கும் வழக்கம் வருவதற்கு முன் ஒரு கூட்டத்தில் என் ஜோவின் அரை அங்குலக் கறுப்புத் துப்பாக்கி காணாமல் போனது. நோட்டில் ‘துப்பாக்கி 1’ என்று எழுதி இருந்ததால்தான் வீட்டுக்கு வந்தபிறகாவது குறைவது தெரிந்தது. வீட்டுக்கார அக்கா பாயைத் தட்டி, சோபாவை நகர்த்தி, கடைசியில் மூன்றாம் நாள் பெருக்கும்போது கண்டெடுத்து, அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பாக்குப் பொட்டலத்தில் மடித்துக் கொடுத்தார்.